ஒற்றைக் கையெழுத்து

வாக்காளர் பட்டியலிலிருந்து ஏதோ ஓர் எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டிருந்த சிவபாலன், வினோதினி வருவதைக் கண்டதும் கையை மூடிக்கொண்டான். யாருடைய எண் என்று கேட்டாள். சும்மாதான்க்கா என்றான். சும்மா எவனாவது கையில் கிறுக்கிக்கொள்வானா?

அவள் தலைவியாக இருக்கும் மாணவர் மன்றத்தில் அவன் சேர்ந்து மூன்று வாரம்தான். மண்டபத்தூரைத் தாண்டி இருக்கும் ஒரு குப்பத்தின் ஊர்த்தலைவர் சிங்காரவேலுவின் மகன். இவன் வேண்டாம் என்று முதல் நாளே சொன்னாள். ஊர்க்காரன் ஒருத்தன் இருந்தால் நல்லதுதானே என்று மற்றவர்கள் அவள் வாயை அடைத்துவிட்டார்கள்.

முப்பத்தெட்டு வருஷம் கழித்துக் காரைக்காலுக்குப் பஞ்சாயத்துத் தேர்தல் வந்திருந்தது. குப்பத்து வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். ஆண்கள் மட்டும் கூட்டம் போட்டு, தலைவர் பெண்சாதி சொர்ணாம்பாள்தான் நிற்பாள், வேறு யாரும் மனு போடக் கூடாது என்று முடிவு கட்டிவிட்டார்கள். சொர்ணாம்பாளுக்கே மறுநாள் குழாயடியில் யாரோ சொல்லித்தான் தெரியும்.

மன்றம் விடவில்லை. சுனாமியில் புருஷனைப் பறிகொடுத்த மீன்காரி கமலாம்பாளை நிற்கச் சம்மதிக்க வைத்தது. ஆம்பளை இல்லாத வீட்டை அந்த ஊர் தலைக்கட்டுக் கணக்கில் ஒரு குடும்பமாகச் சேர்ப்பதில்லை. அதனால் சுனாமி வீடுகளுக்காக ஊர் கொடுத்த பட்டியலில் அவளோடு சேர்த்துப் பதினோரு விதவைகளின் பெயர் விட்டுப்போயிருந்தது. பஞ்சாயத்துக்குள்ளே போய் உட்கார்ந்தால்தான் அதைக் கேட்க முடியும்.

ஆனால் மனுவை முன்மொழிய அதே வார்டு வாக்காளர் ஒருவரின் கையெழுத்து வேண்டும். அந்த ஒன்றுதான் கிடைக்கவில்லை. போட்டவளை ஊர் ஒதுக்கி வைக்கும், ஏலத்தில் அவளுக்கு ஒரு கூடை மீன்கூட விழாது. மற்றப் பத்து விதவைகளும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். சிவபாலனுக்கோ பதினெட்டு நிறையவில்லை. முந்தின நாள் ஒருத்தி துணிந்து சரி என்றாள். ராத்திரிச் சோற்றுக்கு முன்னால் சிங்காரவேலு அவள் வாசலில் நின்றார். அதோடு சரி.

இன்று கடைசி நாள். மூன்று மணியோடு முடிகிறது. சொர்ணாம்பாளின் மனுவும் இன்னும் வந்திருக்கவில்லை. கொம்யூன் பஞ்சாயத்து அலுவலக வாசலில் கமலாம்பாள் பாதி நிரப்பிய மனுவோடு உட்கார்ந்திருந்தாள். சிவபாலனைக் காலையிலிருந்து காணோம்.

"அப்பன்கிட்ட ஒப்பிச்சிட்டு அங்கேயே இருந்துட்டான் போல" என்றாள் வினோதினி.

மன்றத்துச் செயலாளர் இஃபாத் உதட்டைப் பிதுக்கினாள். "குப்பத்துல ஒப்பிக்க வேற ஆள் வேணுமாடி? இந்த வூட்ல தும்முனா அடுத்த தெருவுல கேக்கும்."

கிடைக்காவிட்டால் கூடையைத் தூக்கிக்கொண்டு வியாபாரத்துக்குப் போகிறேன், இதற்காகப் பிள்ளைகள் சண்டை போட வேண்டாம் என்றாள் கமலாம்பாள். சொன்னாளே தவிர, மனுவைக் கையிலிருந்து விடவில்லை.

இரண்டரை மணிக்குச் சிவபாலனின் டிவிஎஸ் வந்து நின்றது. பின்னாலிருந்து இறங்கினாள் சொர்ணாம்பாள். பட்டுச்சேலை, தலை நிறையப் பூ, கையில் வாக்காளர் அட்டை.

வினோதினிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உள்ளங்கையில் இருந்தது யாருடைய எண் என்று இப்போது விளங்கிவிட்டது. மனு எப்படி எழுதுவது, எதை இணைப்பது என்று மூன்று வாரம் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டது அம்மாவுக்காக.

அவள் வழியை மறித்தாள். "கூடவே இருந்துக்கிட்டுக் குழி தோண்டுனியேடா. இதுக்குத்தான் மன்றத்துல வந்து சேந்தியா?"

"நேரமாவுதுக்கா. வழி விடுங்க" என்றான். அவள் கண்ணைப் பார்க்கவில்லை.

சொர்ணாம்பாள் மட்டும் அவளைப் பார்த்தாள். லேசாகச் சிரித்தது போலவும் இருந்தது. ஜெயித்துவிட்ட திமிர் என்று நினைத்துக்கொண்டாள் வினோதினி. இவள் மனுவில் ஒரு பிழையாவது இல்லாமலா போகும் என்று கமலாம்பாளையும் இழுத்துக்கொண்டு பின்னாலேயே உள்ளே போனாள்.

தேர்தல் அலுவலர் அட்டையை வாங்கிப் பட்டியலோடு ஒப்பிட்டார். பெயர் சரி, எண் சரி. தலைவர் கூட வரவில்லையா என்று விசாரித்தார். அவருக்குத் தெரியாதுங்க என்றாள் சொர்ணாம்பாள். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"சரிம்மா, உங்க மனுவக் குடுங்க."

சொர்ணாம்பாள் திரும்பி, கமலாம்பாள் கையிலிருந்த தாளை உருவி மேசைமேல் வைத்தாள்.

"மனு இவளோடதுங்க. கையெழுத்துதான் என்னோடது."