கறுப்பு உருண்டை

நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. தலைவர் அதைத் தாண்டிப் போய், பின்னால் நின்ற வக்கீலின் கையைக் குலுக்கினார்.

"அந்தக் கையைத் தொட்டா மூணு தடவை சோப்புப் போடணும், வக்கீல் சார்," என்றார், மண்டபம் முழுவதும் கேட்கும்படி.

பல்புக்கடைக்காரர் கையை மடக்கிக்கொண்டு தன் இடத்தில் போய் உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலிக்காரர் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார்.

தலைவருக்குச் சொந்தமாகப் பெரிய எண்ணெய் ஆலை. நகர மன்றத்துக்கு இரண்டு முறை தலைவராக இருந்தவர். பிரசவ ஆஸ்பத்திரியும் நூலகமும் அவர் கட்டிக் கொடுத்தவை. ரகசியச் சடங்குகள் கொண்ட இந்த ஃப்ரீமேசன் சங்கத்துக்கும் அவரே தலைவர். இங்கே ஒருவரையொருவர் 'சகோதரர்' என்பார்கள். போன கூட்டத்திலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டாலே அவருக்குக் கசந்தது.

அன்று அவருடைய மாப்பிள்ளையைச் சங்கத்தில் சேர்க்க ஓட்டெடுப்பு. வழக்கப்படி ஒவ்வொருவரும் பெட்டிக்குள் கைவிட்டு, சம்மதம் என்றால் வெள்ளை உருண்டையும் இல்லையென்றால் கறுப்பு உருண்டையும் எடுத்து உள்ளறையில் போடவேண்டும். ஒரே ஒரு கறுப்பு விழுந்தாலும் ஆள் உள்ளே வர முடியாது. யார் எதைப் போட்டார் என்பது கண்ணில் பட்டாலும் வெளியே சொல்வதில்லை என்று எல்லோரும் சத்தியம் செய்தவர்கள்.

அன்று ஒரே ஒரு கறுப்பு விழுந்திருந்தது.

'மாமனார் தலைவராம், மாப்பிள்ளை வாசலோட சரியாம்' என்று கடைத்தெரு சிரித்தது. மகள் அப்பா வீட்டுப் படி ஏறுவதையே நிறுத்திவிட்டாள்.

யார் என்பதில் தலைவருக்குச் சந்தேகமே இல்லை. நகர மன்றத்தில் இன்ஜினியராக இருந்த மாப்பிள்ளை, தெருவிளக்கு கான்ட்ராக்டைப் பல்புக்கடைக்காரருக்குத் தராமல் வேறொரு கடைக்குக் கொடுத்திருந்தார். அன்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவரிடமும் போனவரும் பல்புக்கடைக்காரர்தான். பெட்டியைத் திறந்தபோது எல்லோரும் திடுக்கிட்டார்கள். அவர் மட்டும் திடுக்கிடவில்லை.

இன்று மறு ஓட்டு. தலைவர் தன் பதவிக்குரிய வெள்ளைக் கையுறைகளை மாட்டிக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்.

"என்னய்யா விளக்கு இது? உன் கடைச் சரக்குதானே? உன் மனசு மாதிரியே இருக்கு. எரியுது, ஆனா வெளிச்சம் இல்ல."

சிரித்தார்கள். வக்கீல் அதே விளக்கின் கீழ், கண்ணாடிகூடப் போடாமல், போன கூட்டத்துக் குறிப்புகளைப் பொடி எழுத்திலிருந்து கடகடவென்று வாசித்து முடித்தார்.

பல்புக்கடைக்காரர் எழுந்தார். கையில் ஒரு புதுப் பெட்டி.

"தலைவரே, சங்கத்துக்கு என்னால முடிஞ்சது. இதுல வெள்ளை உருண்டையா இருக்கும். கறுப்பு மட்டும் சதுரக் கட்டை. தொட்டாலே தெரிஞ்சிடும். பழைய பெட்டியில வெள்ளையெல்லாம் கை பட்டுப் பட்டுப் பழுப்பேறிப் போச்சு..."

"பிள்ளையையும் கிள்ளிட்டு தொட்டிலையும் ஆட்டறியா? தூக்கிட்டுப் போ! பாத்தாலே அருவருப்பா இருக்கு."

"யாராவது கை தவறிப் போட்டிருக்கலாம், தலைவரே."

"கை தவறல. புத்தி தவறியிருக்கு." தலைவர் எழுந்து நின்றார். "இன்னிக்கு ரகசியம் கிடையாது. ஒவ்வொருத்தரும் உருண்டையைத் தூக்கிக் காட்டிட்டுத்தான் போடணும்."

"விதியில அதுக்கு இடமில்லையே..." வக்கீல் இழுத்தார்.

"விதியெல்லாம் மனுஷனுக்கு, பாம்புக்கு இல்ல. கறுப்பைப் போட்டவன் இன்னிக்கு மாட்டட்டும். மாட்டினா அவன் இந்த மண்டபத்துப் படியே மிதிக்கக்கூடாது. யாரா இருந்தாலும் சரி!"

பல்புக்கடைக்காரரின் முகம் வெளிறிவிட்டது. பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார்.

"வேண்டாம், தலைவரே. நான்தான் போட்டேன்னே வச்சுக்குங்க. இப்பவே விலகிக்கறேன், இந்தப் பக்கமே வரமாட்டேன். காட்டச் சொல்லாதீங்க."

மண்டபமே "சீ!" என்றது. யாரோ நாற்காலியைச் சத்தமாகத் தள்ளினார்கள்.

"கேட்டீங்களா? வாயாலயே ஒத்துக்கிட்டான்!" என்றார் தலைவர். "இத்தனை நாள் இவன் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டேனே! போறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு பாத்துட்டுப் போகட்டும். சுத்தமான கை எப்படி இருக்கும்னு முதல்ல நான் காட்டறேன்."

பழைய பெட்டிக்குள் கைவிட்டு ஓர் உருண்டையை எடுத்தார். கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டார். பிறகு திருப்தியோடு தலைக்கு மேலே உயர்த்தினார்.

"பாருங்க எல்லாரும். வெள்ளை!"

வக்கீல் தலையைக் குனிந்துகொண்டார். கையுறையின் வெண்மைக்கு நடுவே, மையைத் தொட்டு வைத்ததுபோல, கறுப்பு உருண்டை.

"என்ன, எல்லாரும் ஊமையாயிட்டீங்க?" என்றார் தலைவர், யாரைப் பார்ப்பது என்று தெரியாமல்.

பல்புக்கடைக்காரர் அருகில் போய், உயர்ந்திருந்த அந்தக் கையை இரண்டு கைகளாலும் பிடித்து மெல்ல இறக்கினார்.

"நம்ம கடை பல்பு மங்கல்தான் அண்ணே, நாளைக்கே மாத்திடறேன்."