எக்கிய வயிறு

பஸ் டிரைவர் சட்டையைத் தூக்கிப் பிடித்து, வயிற்றை எக்கிக்கொண்டு நிற்கிறார். ஸ்டியரிங் உரசி உரசித் தொப்புளுக்கு நேரே சட்டை வெளுத்துக் கிடக்கிறது. உடம்பில் எட்டு வருஷத்துச் சர்க்கரை. இந்த மருத்துவப் பரிசோதனையிலும் தொப்பை குறையவில்லையென்றால் டிப்போவில் வண்டியைத் தொடவிட மாட்டார்கள். ஒரு மாதமாக மாடிப்படி ஏறி இறங்கியதில் முழங்கால்தான் தேய்ந்தது, தொப்பை அசைந்து கொடுக்கவில்லை. நர்ஸ் டேப்பை அவர் இடுப்பைச் சுற்றிப் பிடித்தபடி காத்திருக்கிறாள். "மூச்ச விடுங்கண்ணே. எனக்கு அவசரமில்ல." மாட்டேனென்று தலையை மட்டும் ஆட்டுகிறார். கழுத்து நரம்பு புடைக்கிறது. மேலே மின்விசிறி கடகடக்கிறது. டேப்பின்மேல் ஒரு சொட்டு வியர்வை விழுகிறது. "இதையே எழுதிடும்மா" என்று கெஞ்ச வாயைத் திறக்கிறார். அந்தச் சொல்லோடு அடக்கிய மூச்சு மொத்தமும் வெளியேறிவிடுகிறது. அவள் விரலிடுக்கில் டேப் நழுவிக்கொண்டே இருக்கிறது.