சிவப்பு லேபிள் கூண்டுகள்

ஆண்களுக்கான கருத்தடை மருந்தை நான் கண்டுபிடித்துவிட்டேன். எலிகளுக்காவது.

சிவப்பு லேபிள் ஒட்டிய பத்துக் கூண்டுகளில் ஆண் எலிகளுக்கு என் மருந்து. நீல லேபிள் ஒட்டிய பத்தில் வெறும் தண்ணீர். எல்லாக் கூண்டிலும் கூடவே ஒரு பெண் எலி. முதல் மாதம் ஒரு சிவப்புக் கூண்டில் குட்டிகளைப் பார்த்துவிட்டு, நான் சாப்பிடாமல் எல்லோர் மீதும் எரிந்து விழுந்தேன். அதன்பிறகு மூன்று மாதமாகச் சிவப்பில் ஒன்றுகூட இல்லை. நீலத்திலோ கூண்டு கொள்ளாத குட்டிகள். பாராட்டு விழாவுக்கு ஏற்புரைகூட எழுதி வைத்துவிட்டேன்.

டைரக்டர் பார்வையிட வந்தார்.

"அதென்னய்யா, இந்த ஒரு எலிக்கு இருபத்திரண்டு குட்டி?"

"வெறும் தண்ணி குடிச்ச ஜோடி சார். அவ்வளவு ஆரோக்கியம்!"

கூண்டு கழுவும் அக்காவைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன். "நீங்களே சொல்லுங்கக்கா, சிவப்புல ஒரு குட்டியாவது பார்த்தீங்களா?"

"பார்க்காம என்ன சார், நிறையவே பார்த்தேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அன்னைக்குச் சிவப்புல குட்டியைப் பார்த்துட்டு நீங்க சாப்பிடக்கூட இல்ல. நீலத்துல பார்த்தா மட்டும் வாயெல்லாம் பல்லா சிரிக்கிறீங்க. அதான், நீங்க வர்றதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் எடுத்து நீலத்துல விட்டுடுவேன். அந்தத் தாயும் பேதம் பார்க்காம பால் குடுக்குது."

டைரக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மருந்தைத் தூக்கிப் போடுய்யா. மூணு மாசமா வேலை செஞ்சது உன் மூஞ்சிதான்!"