இன்னும் ஒருவர்

வெயில் எச்சரிக்கை பத்தாவது நாளாக நீடித்தது. அந்தி சாயும்வரை வாசல் கதவு திறக்காது. ஆனாலும் ஐந்து வயது இரட்டையர்கள் இருவரும் முரண்டு பிடிக்கவே இல்லை. தாத்தாவோடு நாள் முழுக்கக் கண்ணாமூச்சி. எத்தனை பேரைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று வீடே தன் கணினிக் குரலில் சொல்லிவிடும்.

கதிரேசன் வேலையை முடித்து அறையிலிருந்து வெளியே வந்தபோது, மாமனார் மூச்சு வாங்க சோபாவில் உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் பீரோவைக் குடைந்துகொண்டிருந்தார்கள்.

"உங்களத்தான் பிடிச்சாச்சே மாமா. இன்னும் யாரைத் தேடுறாங்க?"

அவர் வாய் திறப்பதற்குள் வீடு சொன்னது: "இன்னும் ஒருவர் கிடைக்கவில்லை."

அவன் மனைவி தாமரை இறந்து நான்கு மாதமாகிறது. பிள்ளைகளிடம் சொன்னபோது தலையாட்டினார்கள். வீட்டின் ஆட்கள் பட்டியலிலிருந்து அவள் பெயரை அவன்தான் இன்னும் எடுக்கவில்லை.

"பத்து நாளா இதுதானா மாமா?"

"சந்தோஷமாத் தேடுதுங்க மாப்ளே. அது பாட்டுக்கு இருக்கட்டுமே. அப்படிச் சொல்லக் கேட்டா எனக்கும் கொஞ்சம் ஆறுதலாத்தான் இருக்கு."

"எத்தனை நாளைக்கு?"

கதிரேசன் சுவர்த்திரையைத் தொட்டு அவள் பெயரை நீக்கினான். வீடு ஜெயித்தவர்களுக்கான மணியை அடித்தது.

"எல்லோரும் கிடைத்துவிட்டார்கள்."

இருவரும் கூச்சலிட்டபடி ஓடி வந்தார்கள்.

"அப்பா, நீதான் கண்டுபிடிச்சியா?" என்று கேட்டபடி, மகள் ஆதினி அவன் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.