கயாக்கில் கிடைத்த சியாக்காப்

லுக்குட் பக்கத்து ரப்பர் தோட்டம் அழிக்கப்பட்ட பிறகு சந்தியாகு போர்டிக்சன் கடற்கரை ரிசோர்ட் ஒன்றில் பகல் காவலுக்கு ஜாகாவாகச் சேர்ந்தார். இனி பால் வெட்ட நாலு மணிக்கு எழ வேண்டாம் என்பது அவருக்கும் மனைவி பிலோமினாவுக்கும் பெரிய ஆறுதல்.

ஆனாலும் லீவு நாளில் விடியுமுன்னே விழிப்பு வந்துவிட்டது. படுத்திருக்க முடியாமல் கடற்கரைக்குப் போய், ரிசோர்ட்டின் கயாக் படகில் ஏறித் தூண்டில் போட்டார். கண் சொக்கிய நேரத்தில் ஒரு சியாக்காப் மாட்டியது. அவர் வாழ்க்கையில் பிடித்த முதல் மீன்.

வீட்டில் மீனைக் கழுவிய பிலோமினா கூப்பிட்டாள். "ஏங்க, இது நீங்க மரத்துல வெட்டுன கோடு மாதிரி இல்ல?"

மீனின் விலாவில் சரிவான கோடுகள், முனை சற்றே மேலே திரும்பி, ஒன்றன்கீழ் ஒன்றாக ஆறிய தழும்புகளாக இருந்தன. கோட்டின் முடிவில் கத்தியைக் கொஞ்சம் மேலே திருப்புவது அந்தத் தோட்டத்திலேயே சந்தியாகு ஒருவர்தான். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் திட்டியும் அந்தப் பழக்கம் போகவில்லை.

"எங்கயாச்சும் மோட்டார் போட்டுல அடிபட்டிருக்கும்லா," என்றார்.

அவள் கடைசிக் கோட்டுக்குக் கீழே கத்தியை வைத்துக் கீறினாள். ரத்தம் வரவில்லை. வெள்ளையாகப் பால் கசிந்து, சரிவில் ஓடிச் சொட்டியது. சந்தியாகுவின் கை தானாகவே ஒரு கிண்ணத்தை எடுத்து அடியில் வைத்தது.

வெயில் ஏறியதும், ரப்பர் மரத்தில் நிற்பது போலவே, சொட்டுவது நின்றது.

பிலோமினா அடுப்பை அணைத்தாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்து, பழைய கடிகாரத்தை எடுத்து நாலு மணிக்கு அலாரம் வைத்தாள்.