என்செனாடாவின் புதுக் குடிமகன்

"எல்லையைத் தாண்டி வர வேண்டியது, அனுமதி முடிஞ்சாலும் திரும்பிப் போகாம ஒண்டிக்க வேண்டியது, ஒரு பிள்ளையைப் பெத்துக்க வேண்டியது. உடனே அந்தப் பிள்ளை மெக்சிகோ குடிமகனாம்! எந்த ஊர் நியாயம் இது?"

மீன் துண்டுகளை மாவில் தோய்த்து எண்ணெயில் போட்டபடியே கத்தினார் ருத்தீலியோ. மெக்சிகோவின் என்செனாடா துறைமுகத்துப் பின்தெருவில், பொரித்த மீனைச் சோள ரொட்டியில் மடித்துத் தரும் அவருடைய டாக்கோ கடைக்குப் பாதிப் பேர் மீனுக்காக வருவார்கள், மீதிப் பேர் அவர் வாய்க்காக.

"மெதுவாப் பேசுங்க. மாடியில அந்தப் பொண்ணு காதுல விழப்போகுது" என்றாள் மனைவி எவேலியா, முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டே.

"நல்லா விழட்டும்! இவங்க வந்தப்புறம்தான் இந்தத் தெருவுல வாடகை தாறுமாறா ஏறிப்போச்சு."

"நம்ம மூத்தவன் லாஸ் ஏஞ்சலஸ்ல விசா இல்லாமதானே இருக்கான்? அவன் பொண்ணு பொறந்ததும், 'என் பேத்தி அந்த நாட்டுக் குடிமகள்'னு தெருவெல்லாம் மிட்டாய் கொடுத்தீங்களே. அப்ப இந்த நியாயம் எங்க போச்சு?"

"அது வேற, இது வேற."

"என்ன வேற?"

"எண்ணெய் காயுது. தொணதொணக்காதே."

அப்போது பக்கத்து மாடிப்படியில் தடதடவென்று இறங்கி ஓடிவந்தான் ஆபெல். அவனும் மனைவி நோராவும் அங்கேதான் குடியிருந்தார்கள். அவன் படகு எஞ்சின் பழுது பார்ப்பான். அவள் கேக் சுட்டு வீடு வீடாக விற்பாள். சொந்த ஊரில் வாடகையும் வைத்தியச் செலவும் கட்டுப்படியாகாமல் வந்தவர்கள். போலீஸ் வண்டியைக் கண்டால் இருவரும் சந்துக்குள் நுழைந்துவிடுவார்கள்.

"ருத்தீலியோ ஐயா... நோரா... வலி..." என்று மூச்சிரைத்தான்.

"அதுக்கு இங்க ஏன் நிக்கிற? ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ!"

"வேண்டாம். அங்க விசா கேட்பாங்க. பிடிச்சு அனுப்பிடுவாங்க. வீட்டிலேயே பார்த்துக்கறோம்."

"ஏண்டா, பிரசவம்னா எஞ்சின் ரிப்பேர்னு நினைச்சியா, வீட்டிலேயே கழட்டி மாட்ட?" ருத்தீலியோ அடுப்பை அணைத்தார். "அவளை என் வண்டியில ஏத்து!"

"எங்க டாக்கோ என்னாச்சு?" என்றார் காத்திருந்த ஒருவர்.

"நீங்களே பொரிச்சுத் தின்னுங்க!"

எவேலியாவும் ஆபெலும் நோராவை நடுவில் வைத்துப் பின்னால் ஏறிக்கொண்டார்கள். பள்ளத்தில் வண்டி குதிக்கும்போதெல்லாம் நோரா அலறினாள். சாலை போட்டவனின் பரம்பரையையே திட்டிக்கொண்டு ஓட்டினார் ருத்தீலியோ. நடுவில் ஒருமுறை, "ஆனா ஒண்ணு, நான் சொன்னது சொன்னதுதான். குடியுரிமைங்கிறது..." என்று பின்பக்கம் திரும்பினார்.

"ரோட்டைப் பார்த்து ஓட்டுங்க!" என்று மூன்று பேரும் ஒன்றாகக் கத்தினார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி மறித்தார். "நீங்கள்லாம் யாரு?"

ஆபெலின் முகம் வெளுத்துவிட்டது. சட்டென்று முன்னால் வந்தார் ருத்தீலியோ.

"நான் தாத்தா. பேரன் வழியிலேயே பொறந்துட்டா நீதான் பொறுப்பு. தள்ளு!"

காவலாளி ஓடிப்போய்ச் சக்கர நாற்காலி கொண்டுவந்தார்.

மாலையில் நர்ஸ் ஒரு துணிப்பொட்டலத்தோடு வந்தாள். பொட்டலத்துக்குள் சிவப்பாக ஒரு பையன்.

"அம்மா நல்லா இருக்காங்க. உங்க விசா விஷயத்தைச் சொன்னாங்க. பிள்ளை இங்க பொறந்ததால இவன் மெக்சிகோக்காரன். இவனை வெச்சு நீங்க ரெண்டு பேரும் இங்கேயே தங்க அனுமதி கேட்கலாம். இனிமே ஒளிஞ்சு திரிய வேண்டாம்" என்றாள் ஆபெலிடம்.

ஆபெல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். சிரித்தான், அழுதான், மறுபடி சிரித்தான்.

"என்னங்க, இப்பப் பேசுங்க உங்க நியாயத்தை" என்று கணவரை இடித்தாள் எவேலியா.

ருத்தீலியோ பிள்ளையின் மேல் குனிந்திருந்தார். பையன் அவர் விரலைக் கெட்டியாகப் பிடித்திருந்தான். "மீன் வாசம் பிடிச்சுப்போச்சு பயலுக்கு. நம்ம ஊர்க்காரனேதான்" என்றார்.

ஆபெல் வெளியே போய் அப்பாவுக்குப் போன் செய்தான். திரும்பி வந்தபோது அவன் காதெல்லாம் சிவந்திருந்தது.

"என்னப்பா சொன்னாரு?" என்றாள் எவேலியா.

"ரொம்ப சந்தோஷம். பேரனை வெச்சு அவருக்கும் இங்க தங்க அனுமதி கிடைக்குமான்னு கேட்டாரு. ஆனா உடனே வர முடியாதாம்."

"ஏன்? பேரனைவிட அப்படி என்ன முக்கியமான வேலை?"

ஆபெல் தலையைச் சொறிந்தான்.

"நாளைக்கு எங்க ஊர் டெக்சஸ்ல பெரிய ஊர்வலமாம். விசா இல்லாதவங்க அமெரிக்காவுல பெத்த பிள்ளைங்களுக்குக் குடியுரிமை கொடுக்கக் கூடாதுன்னு. எங்கப்பாதான் தலைமை தாங்கறாரு!"