குழுவின் ரத்தம்

“வீட்ல பிளாஸ்திரி எதுனா கீதாமே?” என்று கை நீட்டினார் என் கணவர் கோதண்டம். விரல் நுனியெல்லாம் பொடிக் காயம்.

“வலை தெக்கிற கையா, தையல் மிஷின்ல வுட்ட கையா?” என்றேன்.

“மீன் முள்ளுமே. டீல இன்னொரு கரண்டி சக்கரை போடு.”

“ஊருக்கெல்லாம் சக்கரை வேணாங்கற, உனக்கு மட்டும் இன்னா?”

“என்னிய யாரு சோதிக்கப் போறா?” என்று சிரித்துவிட்டுப் போனார். மதியம் காசிமேட்டு வலைக்கூடத்தில் சரிந்தவர் எழவில்லை.

கால் புண்ணால் கடலுக்குப் போவதை நிறுத்திய பிறகு, சுகர் உள்ள மீனவர்களுக்குப் பாடம் சொல்லும் குழுவுக்கு அவர்தான் தலைவர். மாதம் ஒரு காலை, வெறும் வயிற்றில் எல்லோருக்கும் அவரே ரத்தம் பார்த்து, அளவைத் தொண்டு நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும். ஒருவர் குறைந்தாலும் குழுவைக் கலைத்துவிடுவார்கள்.

அவர் குழுவில் ஒருமுறைகூட ஆள் குறைந்ததில்லை. ஆனால் சர்க்கரை இறங்கியதே இல்லை. நிறுவனத்தின் கூட்டத்தில் எல்லோர் முன்னும் திட்டு வாங்குவார். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சிரிப்பார். எனக்குத்தான் அவமானமாக இருக்கும்.

அவர் போன அடுத்த மாதம் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. படகுகளெல்லாம் கரையில் நின்றன. நிறுவனத்திலிருந்து மதிப்பீடு செய்ய வந்த கார்குழலி மேடம், எங்கள் வாசலிலேயே ஒவ்வொருவருக்கும் ரத்தம் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் மலர்ந்தது.

“எல்லாருக்கும் பாதியா இறங்கியிருக்கே! தலைவர் இல்லாமலே குழு நல்லா நடக்குதுன்னு எழுதிடலாம்.” பிறகு என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “தப்பா எடுத்துக்காதீங்கம்மா.”

“அப்ப அவரு சொல்லிக்குடுத்தது எதுவுமே பலிக்கலியா மேடம்?” என்று கேட்டேன். அந்த ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

விசைப்படகில் போகும் மணிதான் தலையைச் சொறிந்துகொண்டு எழுந்தான்.

“அண்ணன் சொன்னத கேட்டுதான் மேடம் எங்களுக்கு எறங்கிச்சு.”

“அப்போ மாசா மாசம் முந்நூறு, முந்நூத்தம்பதுன்னு வந்ததே?”

மணி என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

“விடியறப்போ நாங்க கடல்ல கீறோம், ரத்தத்துக்கு எங்க மேடம் போறது? அது பூரா அண்ணன் வெரலு.”